வடு வேறு, பாடம் வேறு



தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களோடும், தோட்டத்தை விட்டுச் செராஸ், காஜாங், பூச்சோங், கிள்ளான் என்று வந்து குடியேறிவிட்ட குடும்பங்களோடும் இன்று சற்று நேரம் பேச விரும்புகிறேன். நமக்கு நேர்ந்தவற்றிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, வரப்போவதைத் தைரியமாக எதிர்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

'அனுபவமே ஆசான்' என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். உண்மைதானா என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அனுபவம் மட்டுமே ஒருவனை அறிவாளியாக்கும் என்றால், அதிகம் அடிபட்டவன்தான் அதிகம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அப்படியா இருக்கிறது? ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்தவர்களைப் பார்க்கிறோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, அதை அடைக்க மூன்றாவது கடன் வாங்கியவர்களைப் பார்க்கிறோம். இவர்களுக்கு அனுபவத்துக்குக் குறைவில்லை. பாடம்தான் கிடைக்கவில்லை.

தெனாலிராமனின் பூனைக் கதை உங்களுக்குத் தெரியும். அரசர் கொடுத்த பூனைக்கு முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான் ராமன். நாக்கு வெந்த பூனை அன்று முதல் பாலைக் கண்டாலே ஓடியது. பசுவின் பாலை ராமன் குடித்தான். பூனை எலும்பும் தோலுமாக நின்றது. இந்தக் கதையைக் கேட்டு நாம் ராமனின் தந்திரத்தை நினைத்துச் சிரிக்கிறோம். ஒரு நிமிடம் பூனையின் பக்கம் நின்று பாருங்கள். அதற்கும் அனுபவம் கிடைத்தது. 'பால் சுடும்' என்று அது கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டிருக்க வேண்டியது, 'கொதிக்கிற பால் சுடும். ஆறிய பால் சுடாது' என்பது. அந்த ஒரு சொல் விட்டுப்போனதால், பால் நிறைந்த வீட்டிலேயே அது பட்டினி கிடந்தது.

நேயர்களே, நாக்கில் இருந்தது வடு. அது பாடம் ஆகவில்லை. வடு தானாக உண்டாகும். பாடத்தை நாம்தான் உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை நம்முடைய வாழ்க்கையிலிருந்தே பார்ப்போம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரிந்த விஷயம். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. கங்காணி திட்டுவார். சரி, காயம் பட்டுவிடுமே என்று பயந்து மேலோட்டமாகச் சீவினால்? மங்கில் பால் விழாது. ஏனென்றால் பால் ஓடும் குழாய்கள் கட்டையை ஒட்டினாற்போல்தான் நெருக்கமாக இருக்கின்றன. கட்டையைத் தொடவும் கூடாது. அதற்கு மிக அருகே போகாமலும் இருக்கக் கூடாது. அந்த மயிரிழை அளவைக் கைக்குக் கற்றுக் கொடுத்தது எது? நேற்று வெட்டிய பட்டைதான். இன்று காலையில் நேற்றைய வெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நல்ல தொழிலாளி கத்தியை வைப்பார். பயந்த கைக்கும் பால் கிடைக்காது. முரட்டுக் கைக்கும் மரம் நிலைக்காது. தெரிந்த கைக்குத்தான் இரண்டும்.

இந்தக் கைத்திறன் வளர்ந்த இடம் செராஸ்வாசிகளுக்குத் தூரமில்லை. செராஸ் சாலையைப் பிடித்து நேராகப் போனால் காஜாங். அங்கேதான் 1890-களில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டார்கள். இந்த நாட்டின் மிக முந்திய ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த வழியில் 2017 முதல் காஜாங் வரை ரயில் ஓடுகிறது. மைல்கல்லை வைத்து ஊரைச் சொன்ன காலம் போய், நிலையத்தின் பெயரை வைத்துச் சொல்லும் காலம் வந்துவிட்டது. பச்சை நிரைகள் போய், மாடி வீடுகள் வந்துவிட்டன. இந்த மாற்றத்துக்குள் நம் ஜனங்கள் பட்டது கொஞ்சமல்ல. பட்டதில் எது வடுவாக நின்றது, எது பாடமாக மாறியது என்று நான்கு சம்பவங்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, 1930-ஆம் ஆண்டையொட்டி வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சி. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. கூலியைக் குறைத்தார்கள். வேலை இல்லை என்று சொல்லி, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு விலை ஏறியதும் மறுபடியும் ஆள் வேண்டும் என்றார்கள். மறுபடியும் கப்பல் ஏறி வந்தார்கள். ஆளை அழைப்பதும் அனுப்புவதும் ரப்பர் விலையின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அடிபட்ட சில பெரியவர்கள், 'எல்லாம் தலைவிதி' என்று விட்டுவிட்டார்கள். வேறு சிலரோ, லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டார்கள், மாடு வளர்த்தார்கள், கோழி வளர்த்தார்கள். இதில் பெண்களின் பங்கே பெரிது. 'ஒரே வருமானத்தை நம்பி இருக்கிற வீடு, ஒரே காலில் நிற்கிற பலகை' என்பதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நடந்ததைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பால் விற்ற காசில் பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் அந்தத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள்தான்.

இரண்டாவது சம்பவம், 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம். அது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலானோர் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். கள்ளுக்கடையை மூடுங்கள் என்றார்கள். துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள் என்றார்கள். அதாவது, வயிற்றுக்காக மட்டும் அல்ல, மானத்துக்காகவும் நின்றார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போராட்டம் அடங்கிப்போயிற்று.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். 'எதிர்த்துக் கேட்டால் சுடுவார்கள். ஆகவே வாயைத் திறக்காதே' என்பது ஒன்று. அது பூனை கற்ற பாடம். 'தனித்தனி வட்டாரமாக எழுந்தால் அடக்கிவிடுவார்கள். சட்டப்படி பதிந்து, நாடு முழுதும் ஒன்றாக இருந்து, மேசையில் உட்கார்ந்து பேசினால் அடக்க முடியாது' என்பது மற்றொன்று. போருக்குப் பிறகு வந்த தலைமுறை இரண்டாவதை எடுத்துக்கொண்டது. மாநிலத்துக்கு மாநிலம் சிதறிக்கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுசேர்ந்தன. பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து நடத்தினார். கூலி எவ்வளவு என்று முதலாளி சொல்லித் தொழிலாளி கேட்ட காலம் போய், இரண்டு பக்கமும் பேசிக் கையெழுத்துப் போடும் காலம் வந்தது. சங்கம் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கிடைத்தது போதாது என்ற குறை அன்றும் இருந்தது, பின்னரும் இருந்தது. ஆனால் கேட்பதற்கு ஒரு வாய், பேசுவதற்கு ஒரு மேசை என்று உண்டாயிற்றே, அது ஐந்து உயிர்களைப் பறிகொடுத்த அனுபவத்தை வீணாக்காததால் வந்தது.

மூன்றாவது சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நூறு பேருக்கு வேலை கொடுத்த தோட்டம் பத்துத் துண்டானால், சொந்தமாகச் சீவுகிறவனும் குத்தகைக்கு விடுகிறவனுமாகப் போய்விடுவான். பழைய ஆட்களுக்கு வேலையும் இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. வீடு இல்லாவிட்டால் பிள்ளையின் பள்ளியும் இல்லை. தோட்டத்தில் இம்மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. ஒன்று அறுந்தால் மூன்றும் விழும்.

இந்த நிலைமையைப் பார்த்து அழுதவர்கள் பலர். ஆனால் காரணத்தைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: 'தோட்டத்தை யாரோ வாங்குவதால்தானே நாம் வெளியே போகிறோம்? நாமே வாங்கினால் என்ன?' அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இந்தக் கேள்வியைக் காரியமாக்க முனைந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவருடைய தந்தையார் இந்நாட்டுக்கு வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளியை ஒரேயடியாகக் கொடுக்கத் தோட்டத் தொழிலாளியால் முடியுமா? முடியாது. ஆகவே மாதம் பத்து வெள்ளி. பத்து மாதத்தில் ஒரு பங்கு.

இன்றைக்குப் பத்து வெள்ளி என்றால் ஒரு சாப்பாட்டோடு சரி. அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் பல நாள் அரிசி. அதை எடுத்துக் கொடு என்று கேட்பது லேசான காரியமா? அதிலும் நம் ஜனங்களுக்குப் பணம் சேர்ப்பதில் ஏற்கெனவே ஒரு வடு இருந்தது. 'கூட்டு' என்று சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும். மாதாமாதம் பணம் போட்டு, ஏலத்திலோ சீட்டிலோ எடுப்பார்கள். நல்லபடியாக நடந்த கூட்டும் உண்டு. பணத்தோடு ஆள் காணாமற்போன கூட்டும் உண்டு. பிற்பாடு 1971-இல் அரசாங்கமே சட்டம் போட்டுக் கூட்டு நடத்துவதைத் தடை செய்தது. இப்படிச் சூடுபட்டவர்களிடம் போய், 'மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டம் வாங்கலாம்' என்றால், 'எவனிடமும் பணம் கொடுக்காதே' என்ற பதில்தான் வரும். அது பூனையின் பதில்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மேடையில் நின்று விளக்கினார். கூட்டில் பணம் போனதற்குக் காரணம், பலர் சேர்ந்து பணம் போட்டது அல்ல. பதிவு இல்லை, கணக்கு இல்லை, கேள்வி கேட்கக் கூட்டம் இல்லை என்பதுதான். கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி பதிந்தது. அதற்குக் கணக்குப் பரிசோதனை உண்டு. ஆண்டுக் கூட்டம் உண்டு. ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து கேள்வி கேட்கலாம். 'பால் சுடாது, ஆறவைத்த பால் இது' என்று புரிந்தபோது ஜனங்கள் நம்பினார்கள். எழுத்து வாசனை அறியாதவர்களும் பத்துப் பத்தாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தில் சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர். நேற்றுவரை யாருடைய தயவில் லயத்தில் இருந்தார்களோ, அந்தத் தோட்டத்திலேயே பங்குக்காரர்களாக ஆனார்கள். அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கத்தினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். 1979-இல் சம்பந்தன் காலமான பிறகு, அவருடைய துணைவியார் தோ புவான் உமாசுந்தரி சங்கத்தின் தலைமையை ஏற்றார். கோலாலம்பூரில் நிற்கிற விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தைப் பார்க்கிறவர்கள், அதன் அஸ்திவாரத்தில் பத்து வெள்ளிகள் இருக்கின்றன என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், எல்லாத் தோட்டத்தையும் சங்கத்தால் வாங்க முடியவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்காலத்தில் தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பல குடும்பங்கள் வீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது. 1995-இல் பெராங் பெசார் தோட்டம் இருந்த பகுதியில் புத்ராஜெயா நகரைக் கட்டத் தொடங்கியதும் நமக்குத் தெரிந்ததே. ஆனால் இதிலும் பாடம் ஒன்றே: தோட்டம் நிரந்தரம் என்று நம்பிச் சொந்த வீட்டைப் பற்றி யோசிக்காதவர்கள் அதிகம் திண்டாடினார்கள், வேலையில் இருக்கும்போதே சிறிதாவது சேர்த்து வைத்தவர்கள் சமாளித்தார்கள்.

நான்காவது சம்பவம், பாடம் எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு. 1957-இல் சுதந்திரம் வந்தபோது, குடியுரிமைக்கு மனுச்செய்ய ஓராண்டுக் காலத்துக்கு மொழித் தேர்வு வேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். படிக்காதவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. பலர் மனுச்செய்து குடிமக்கள் ஆனார்கள். பலர் செய்யவில்லை. 'நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு எதற்குக் காகிதம்?' என்றார்கள் சிலர். 'ஒரு நாள் வேலை கெட்டுவிடும்' என்றார்கள் சிலர். பன்னிரண்டு ஆண்டு ஓடியது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி 1969-இல் கடுமையாக அமலானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் திடுக்கிட்டார்கள். இந்த மண்ணிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். ஒரு நாள் வேலை கெடுமே என்று பார்த்தார்கள்; வாழ்நாள் வேலையே கெட்டது.

இதில் வேதனை என்னவென்றால், இந்த அனுபவத்தை இன்னும் நாம் முழுதாகப் பாடமாக்கிக்கொள்ளவில்லை. இன்றும் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தாய் தகப்பன் திருமணத்தைப் பதியாமல் விட்டது ஒரு காரணம். பிள்ளை பிறந்ததைக் காலத்தில் பதியாமல் விட்டது இன்னொரு காரணம். தீபகற்பத்தில் பிறந்த குழந்தையை அறுபது நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்க நல்ல நாள் பார்க்கிறோம். பதிவதற்கு எந்த நாளும் நல்ல நாள்தான். அதுபோலவே, ஊழியர் சேமநிதியில் உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று இந்த வாரமே பாருங்கள். 1951-இல் தொடங்கிய அந்த நிதி பல குடும்பங்களுக்குக் கடைசித் துணை. பெயர் கொடுக்காவிட்டால், கணவன் இறந்த வீட்டில் மனைவி பணத்துக்காக அலைய நேரும். வேலையில் விபத்து நேர்ந்தால் சொக்சோ உண்டு. ஆனால் முதலாளி உங்கள் பெயரைப் பதிந்து பணம் கட்டுகிறாரா என்பதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

நேயர்களே, நாட்டு நடப்பைச் சொன்னேன். இனி வீட்டு நடப்புக்கு வருவோம். ஒரு கஷ்டம் வந்து போன பிறகு, அதிலிருந்து பாடம் எடுப்பது எப்படி? மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? ஏன் நடந்தது? அடுத்த முறை நான் எதை மாற்றிச் செய்வேன்? மூன்றையும் வாயால் சொல்வதைவிட ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது மேல். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். அதனால் பிள்ளைக்கும் படிப்பினை.

இந்த மூன்றில் கஷ்டமானது இரண்டாவது கேள்வி. ஏன் நடந்தது என்று கேட்டால், நம் வாயில் முதலில் வருவது தலையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்தவன். இரண்டுக்கும் கொஞ்சம் இடம் இருக்கலாம். ஆனால் தலையெழுத்தையும் அடுத்தவனையும் நம்மால் மாற்ற முடியாது. நாம் மாற்றக்கூடிய காரணம் ஒன்றாவது அதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செராஸில் மாடி வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் கல்யாணத்துக்கு லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம் ஐயாயிரம் வாங்கினார்கள். கொடுத்த வட்டியே அசலைத் தாண்டிவிட்டது. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். எப்படியோ நகையை விற்றுக் கடனை முடித்தார்கள். இப்போது அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள்? 'அந்த அண்ணன்தான் ஆளைக் காட்டிக் கொடுத்தார், இனி அவர் வாசற்படி மிதிக்கக் கூடாது.' இது வடு. உறவு போயிற்று, பாடம் வரவில்லை. நோட்டை எடுத்து எழுதினால் என்ன வரும்? கல்யாணம் வரும் என்று இரண்டு வருடம் முன்பே தெரியும். மாதம் நூறு ஒதுக்கவில்லை. இருநூறு பேருக்குப் போதும் என்ற பந்தியை ஐந்நூறு ஆக்கினோம். கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிக்கவில்லை. இம்மூன்றும் நம் கையில் உள்ளவை. அடுத்த மகள் கல்யாணத்துக்கு இன்றே மாற்றலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே முறைதான். பரீட்சையில் கணக்கில் தோற்ற பையன், 'எனக்குக் கணக்கே வராது' என்கிறான். பெற்றோரும், 'எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் வராது' என்று ஒத்துப் பாடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எங்கே தவறியது என்று பாருங்கள். நான்காம் ஆண்டில் பின்னக் கணக்குப் புரியாமல் போயிருக்கும். அதன் மேல் கட்டியதெல்லாம் ஆடியிருக்கும். 'கணக்கு வராது' என்பதற்கு மருந்து கிடையாது. 'பின்னம் புரியவில்லை' என்பதற்கு மருந்து உண்டு. இரண்டு மாதம் ஆசிரியரிடம் உட்கார்ந்தால் தீரும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடைப்பதில்லை. அப்படித் தவறிய பிள்ளைகள் பள்ளிக்கூடக் கதவு சாத்திவிட்டது என்று தொழிற்சாலை வேனில் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பாடங்களை மறுபடி எழுத வழி இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதச் சொல்லுங்கள்.

புதிதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கூட்டுப் பிடித்தவன் நேரில் வந்தான்; இன்றைக்குத் திருடன் தொலைபேசியில் வருகிறான். போலீஸ் என்பான், வங்கி என்பான், கோர்ட்டு என்பான். பணத்தை உடனே மாற்று என்பான். 'உடனே' என்று ஒருவன் சொன்னாலே சந்தேகப்படுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மறைத்த அனுபவம் ஒருவருக்கும் உதவாது. சொன்ன அனுபவம் பத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும்.

சொல்வதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெரியவர்கள் தாங்கள் பட்டதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. 'அந்தக் கஷ்டம் எதற்கு அவர்களுக்குத் தெரிய வேண்டும்' என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளோ, தங்கள் தாத்தா பாட்டி ஒன்றும் தெரியாத கூலிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவர்கள் இந்தத் தாத்தாக்கள்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்கள் இந்தப் பாட்டிகள்தான் என்று யார் சொல்வது? சொல்லாத அனுபவம் சொந்தக்காரரோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். ஆகவே பெரியவர்களே, சொல்லுங்கள். பட்ட கஷ்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அதிலிருந்து எப்படி மீண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளே, கேளுங்கள்.

கடைசியாக, தன்னம்பிக்கை என்றால் என்ன? 'எனக்கு ஒரு கெடுதலும் வராது' என்று நினைப்பது தன்னம்பிக்கை ஆகாது. அது கண்ணை மூடிக்கொள்வது. வேலை போகலாம், நோய் வரலாம், வீடு மாறலாம். 1930-இலும் வந்தது, 1960-இலும் வந்தது, இனியும் வரும். 'இதுபோல் ஒன்று முன்பு வந்தது. எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும்' என்று ஒரு குடும்பம் சொல்ல முடிந்தால், அதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. அது சும்மா தைரியம் சொல்வதால் வராது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வதால் வரும்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டி உட்காருங்கள். போன வருடத்தில் உங்கள் வீட்டை உலுக்கிய ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் குறை சொல்லாமல், அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அடுத்த சம்பள நாளிலிருந்து செய்யத் தொடங்குங்கள்.